ஆயிரம் அடிக்கு அப்பால்: டிராக் பந்தயக் காரும் ஓட்டுநரின் உயிரும்

2024 ஜூன் 23 அன்று, அமெரிக்காவின் விர்ஜீனியா மாநிலத்தில் டின்விடி என்ற ஊரை ஒட்டிய ஓடுகளத்தில், ஜான் ஃபோர்ஸ் ஓட்டிய காரின் இன்ஜின் வெடித்தது. இலக்குக் கோட்டைக் கடக்கும் நேரம் அது. வேகம் மணிக்கு 300 மைலுக்கு மேல், அதாவது 480 கிலோமீட்டருக்கும் அதிகம். கட்டுப்பாடு இழந்த கார் கான்கிரீட் சுவரில் மோதியது. 16 முறை சாம்பியனான ஃபோர்ஸுக்கு அப்போது வயது 75. மூளையில் பலத்த காயம் பட்டு, நீண்ட சிகிச்சைக்குப் பிறகே மருத்துவமனையை விட்டு வெளியே வந்தார்.

அந்தக் காணொளியைப் பார்த்த பலருக்கும் ஒரே மாதிரியான சந்தேகங்கள். நான்கு விநாடி மட்டுமே ஓடும் இன்ஜின் ஏன் வெடிக்கிறது? பந்தயம் முடிந்த இடத்தில்தான் பெரும்பாலான விபத்துகள் நடப்பது ஏன்? பாராசூட் இருந்துமா இப்படி? அந்த வேகத்தில் சுவரில் மோதியவர் எப்படிப் பிழைத்தார்? இவற்றுக்குப் பதில் தெரிய வேண்டுமானால் எரிபொருளில் தொடங்கி, கார் நிற்கும் இடம் வரைக்கும் போக வேண்டும்.

## முதலில் சில அடிப்படைகள்

டிராக் (drag) பந்தயம் என்பது இரண்டு கார்கள் நின்ற இடத்திலிருந்து கிளம்பி நேர்க்கோட்டில் ஓடும் போட்டி. வளைவு கிடையாது, சுற்று கிடையாது. தொடக்கக் கோட்டில் ஒரு விளக்குக் கம்பம் இருக்கும்; அதை எல்லோரும் கிறிஸ்துமஸ் மரம் என்றே சொல்வார்கள். தொழில்முறைப் பிரிவுகளில் மூன்று மஞ்சள் விளக்குகளும் ஒன்றாக எரியும், 0.4 விநாடி கழித்துப் பச்சை விழும். அதற்கு முன்பே கிளம்பினால் தோல்வி.

அமெரிக்காவில் இந்தப் பந்தயங்களை நடத்தும் முதன்மையான அமைப்பு தேசிய ஹாட் ராட் சங்கம், சுருக்கமாக என்.எச்.ஆர்.ஏ. தெருக்களில் நடந்துகொண்டிருந்த ஆபத்தான பந்தயங்களை ஒழுங்குக்குள் கொண்டுவர வாலி பார்க்ஸ் 1951-இல் தொடங்கியது. ஆக, பாதுகாப்பு இந்த விளையாட்டில் பிற்பாடு சேர்ந்த விஷயம் இல்லை. சங்கம் பிறந்ததே அதற்காகத்தான்.

இந்தக் கட்டுரையில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள்:

1. டாப் ஃப்யூயல் டிராக்ஸ்டர்: நீண்டு மெலிந்த கார். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 300 அங்குலம், ஏறத்தாழ 7.6 மீட்டர். ஓட்டுநர் நடுவில் உட்கார, இன்ஜின் அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும்.
2. ஃபன்னி கார்: அதே இன்ஜின்தான், ஆனால் ஓட்டுநருக்கு முன்னால். மேலே சாதாரணக் கார் போன்ற தோற்றத்தில் ஒரு கார்பன் ஃபைபர் கூடு கவிழ்ந்திருக்கும். ஜான் ஃபோர்ஸ் ஓட்டியது இதைத்தான்.
3. நைட்ரோ: இரண்டு பிரிவுகளும் குடிக்கும் எரிபொருள். அதிகபட்சம் 90 சதவீதம் நைட்ரோமீத்தேன், மீதி மெத்தனால்.
4. ஷட்-டவுன் பகுதி: இலக்குக் கோட்டுக்கு அப்பால் கார் நிற்பதற்காக விட்டிருக்கும் பாதை. அதன் கடைசியில் மணல் படுகையும் வலையும் இருக்கும்.

## ஏன் நைட்ரோ?

இன்ஜினின் சக்தியை முடிவு செய்வது எரிபொருளைவிட, உள்ளே போகும் காற்றுதான். காற்றில் உள்ள ஆக்சிஜன் தீர்ந்துவிட்டால் மேலும் எவ்வளவு பெட்ரோல் ஊற்றினாலும் எரியாது. ஒரு கிலோ பெட்ரோல் எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிலோ காற்று போதும். காரணம், அதன் எடையில் பாதிக்கு மேல் ஆக்சிஜன்தான். எரிவதற்கு வேண்டியதில் பெரும்பகுதியை அதுவே மடியில் கட்டிக்கொண்டு வருகிறது.

எரிந்தால் கிடைக்கும் வெப்பத்தைப் பார்த்தால் நைட்ரோ ஏமாற்றமளிக்கும். கிலோவுக்கு 11 மெகாஜூல் அளவுதான். பெட்ரோலில் நான்கு மடங்கு கிடைக்கும். ஆனால் கணக்கை ஒரு கிலோ காற்றுக்குப் போட்டுப் பாருங்கள்: பெட்ரோலில் 3 மெகாஜூல், நைட்ரோவில் 6.6 மெகாஜூல். அதே காற்றில் இரண்டு மடங்குக்கும் மேல். அப்புறம் 8.2 லிட்டர் கொள்ளளவுள்ள எட்டு சிலிண்டர் இன்ஜினுக்குள் சூப்பர்சார்ஜர் வழியாகக் காற்றைத் திணிக்கிறார்கள். கிடைப்பது 11,000 குதிரைத்திறன் அளவுக்கு. நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 மைல் வேகத்தை எட்ட ஒரு விநாடிகூட ஆவதில்லை.

இதற்குக் கொடுக்க வேண்டிய விலை எரிபொருளின் அளவு. ஒரே ஒரு ஓட்டத்துக்கு, டயரைச் சூடேற்றும் பர்ன்அவுட்டையும் சேர்த்து, சுமார் 50 லிட்டர் போகும். சிலிண்டருக்குள் போவது தெளிப்பு அல்ல, கிட்டத்தட்ட ஓட்டம். இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் வெடிப்பதன் வேர் இங்கேதான்.

## வெடிப்பு எங்கிருந்து வருகிறது

ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு தீப்பொறிச் செருகிகள், அதாவது ஸ்பார்க் பிளக்குகள், உண்டு. ஓட்டம் பாதி தாண்டும்போது அவற்றின் முனைகள் உருகித் தேய்ந்துவிடும். அதன் பிறகு சிலிண்டருக்குள் இருக்கும் சூடும் அழுத்தமுமே எரிபொருளைப் பற்றவைக்கின்றன. எனவே சாவியைத் திருப்பி இந்த இன்ஜினை நிறுத்த முடியாது. எரிபொருளை நிறுத்தினால்தான் நிற்கும்.

ஒரு சிலிண்டரில் பொறி முன்கூட்டியே செத்துப்போனால் நடப்பது இது:

1. எரியாத நைட்ரோ அந்தச் சிலிண்டரில் தேங்கத் தொடங்குகிறது. குழுவினர் இதை "சிலிண்டர் விழுந்துவிட்டது" என்பார்கள். வெளிப்போக்குக் குழாய்கள் எட்டில் ஒன்றிலிருந்து சுடர் மறைந்து, வெள்ளைப் புகை போல எரிபொருள் பீய்ச்சும்.
2. காற்றை அமுக்கலாம், திரவத்தை அமுக்க முடியாது. மேலே வரும் பிஸ்டன் சுவரில் முட்டியது போல் முட்டுகிறது.
3. இணைப்புத் தண்டு வளைகிறது அல்லது உடைகிறது. சில வேளை சிலிண்டர் தலையே பெயர்ந்து எழும்புகிறது.
4. உடைந்த தண்டு இன்ஜினின் பக்கச்சுவரைத் துளைத்தால் எண்ணெய் வெளியே கொட்டும். சிவக்கக் காய்ந்த குழாய்மேல் பட்டால் தீ. பின் டயருக்கு அடியில் பட்டால் பிடிமானம் போய்க் கார் சறுக்கும்.
5. வால்வு ஒன்று உடைந்து, சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் உட்குழாய்க்குள் தீ திரும்பிவிட்டால் இன்னும் மோசம். அங்கே நிறைந்திருக்கும் காற்றும் நைட்ரோவும் ஒருசேர வெடித்து சூப்பர்சார்ஜரைத் தூக்கி எறியும்.

இலக்குக் கோட்டின் அருகில் இது அதிகம் நடப்பதற்கு ஒரு எளிய காரணம் உண்டு. இன்ஜின் உச்சச் சுமையைத் தாங்கியபடி எவ்வளவு நேரம் ஓடுகிறதோ அவ்வளவு பாகங்கள் சோர்கின்றன. மொத்த ஓட்டத்திலும் அது சுழல்வது ஏறத்தாழ 500 சுற்றுதான். ஆனால் கடைசி 100 சுற்றுகளில் அது முதல் 100 சுற்றில் இருந்த இன்ஜின் அல்ல.

ஒவ்வொரு சுற்றுப் போட்டி முடிந்ததும் குழுவின் கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். கார் திரும்பி வந்த சில நிமிடத்தில் சிலிண்டர் தலைகள் கழன்றுவிடும். ஒருவர் காருக்கு அடியில் படுத்தபடி இணைப்புத் தண்டுகளின் தாங்கிகளைக் கழற்றி வரிசையாக வைப்பார். குழுவின் தலைவர் ஒவ்வொன்றையும் கையிலெடுத்து, எந்தச் சிலிண்டரின் தாங்கி நசுங்கியிருக்கிறது என்று விரலால் தடவிப் பார்ப்பார். நசுங்கிய தாங்கி என்றால் அந்தச் சிலிண்டர் அளவுக்கு மீறி உழைத்திருக்கிறது. அடுத்த ஓட்டத்தில் அதற்கு எரிபொருளைக் கூட்ட வேண்டும் அல்லது பொறியின் நேரத்தை மாற்ற வேண்டும். பிஸ்டன், தண்டு, கிளட்ச் தட்டுகள் எல்லாம் மாறும். ஒரு மணி நேரத்துக்குள் மறுபடியும் முழு இன்ஜின். அந்தக் கூடாரத்தில் நடப்பதும் பாதுகாப்பு வேலைதான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

வெடிப்பை முழுவதும் தடுக்க முடியாது என்பதால், வெடித்தாலும் அடக்கிவைக்கும் ஏற்பாடுகள் கட்டாயமாகின. உட்குழாயில் மெல்லிய தகடு ஒன்று இருக்கும். உள்ளே அழுத்தம் எகிறினால் முதலில் அது கிழிந்து வழிவிடும். சூப்பர்சார்ஜர் பறந்துவிடாமல் இருக்க உறுதியான நாடாக்களால் அதைக் கட்டியிருப்பார்கள். இன்ஜினுக்குக் கீழே எண்ணெயையும் உலோகத் துண்டுகளையும் ஏந்திக்கொள்ளும் தொட்டில் போன்ற விரிப்பு இருக்கும். அதன் பெயரே டயப்பர்தான். ஓடுகளத்தில் எண்ணெய் கொட்டும் குழுவுக்கு அபராதமும் புள்ளிக் குறைப்பும் உண்டு. இந்த விதி நல்ல விதி. எதிரே இருப்பவரின் உயிருக்கும் சேர்த்துக் குழுவைப் பொறுப்பாக்குகிறது.

## ஓட்டுநர் எங்கே உட்கார வேண்டும்?

1970-இல் பெரும்பாலான டிராக்ஸ்டர்களிலும் இன்ஜின் முன்னால்தான் இருந்தது. ஓட்டுநர் பின் அச்சுக்குப் பின்னால், கவண்கல் போல உட்கார்ந்திருப்பார். கால்களுக்கு நடுவில் கியர்பெட்டி. அந்த ஆண்டு மார்ச் 8 அன்று கலிஃபோர்னியாவின் லயன்ஸ் ஓடுகளத்தில் ஓட்டுநர் டான் கார்லிட்ஸின் கியர்பெட்டி தொடக்கக் கோட்டிலேயே வெடித்தது. கார் இரண்டாகப் பிளந்தது. அவருடைய வலது பாதத்தின் ஒரு பகுதி போய்விட்டது.

மருத்துவமனையில் படுத்துக்கொண்டே இன்ஜினைப் பின்னால் தள்ளும் காரைப் பற்றி அவர் யோசித்தார். அப்படிப்பட்ட கார்களை அதற்கு முன்பும் சிலர் செய்து பார்த்திருந்தார்கள். நேராக ஓட்ட முடியாமல் கைவிட்டிருந்தார்கள். முன்னால் உட்கார்ந்தவருக்குப் பின்பக்கம் விலகுவது தாமதமாகத்தான் தெரியும். தெரிந்ததும் அவர் ஸ்டியரிங்கைத் திருப்பும் அளவு கூடிப்போகும். கார்லிட்ஸின் குழு கண்ட தீர்வு ரொம்ப எளிது: ஸ்டியரிங்கை மந்தமாக்கினார்கள். கை நிறையத் திருப்பினாலும் சக்கரம் கொஞ்சம்தான் திரும்பும். 1971 தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் பொமோனாவில் நடந்த போட்டியில் அந்தக் கார் வென்றது. சில ஆண்டுகளில் முன்-இன்ஜின் டிராக்ஸ்டர் உச்சப் பிரிவிலிருந்து மறைந்தே போனது.

வெற்றி பெற்றதால்தான் அது இவ்வளவு வேகமாகப் பரவியது என்பதையும் சொல்ல வேண்டும். பாதுகாப்பாக மட்டும் இருந்து, தோற்றுக்கொண்டும் இருந்திருந்தால் இத்தனை பேர் மாறியிருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

ஃபன்னி காருக்கு இந்த வழி இல்லை. இன்ஜின் இன்னமும் ஓட்டுநரின் முகத்துக்கு முன்னால்தான். தீப்பிடித்தால் கூட்டுக்குள் அவரும் சுடரும் மட்டும். அதனால் காருக்குள்ளேயே தீயணைப்புக் குப்பிகள், கூரையில் தப்பிக்கும் கதவு, பல அடுக்கு உடை. இந்த உடைகளுக்குத் தரம் வகுப்பது எஸ்.எஃப்.ஐ என்ற அமைப்பு. கடைநிலைத் தரத்து உடை இரண்டாம் நிலைத் தீக்காயத்தை 3 விநாடி தள்ளிப்போடும். 20 என்று எண்ணிடப்பட்ட உச்சத் தரம் 40 விநாடி. அந்தக் கூடுதல் 37 விநாடியில்தான் கார் நிற்க வேண்டும், பெல்ட்டுகளை அவிழ்க்க வேண்டும், வெளியே வர வேண்டும். என்.எச்.ஆர்.ஏவின் மீட்புக் குழுவும் அதற்குள் நெருங்கிவிட வேண்டும்.

## டயர்: மெத்தென்று இருந்தால்தான் ஓடும், அதுவே சிக்கல்

பின் டயர்களில் காற்றழுத்தம் மிகக் குறைவு. சாதாரணக் கார் டயரில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குபோல. கிளம்பும்போது பக்கச்சுவர்கள் மடிந்து சுருங்கி, தரையில் அகலமாகப் பதிகின்றன. வேகம் ஏற ஏற மைய விலக்கு விசையால் டயர் உயர்ந்து ஒடுங்குகிறது. கியரே இல்லாத இந்தக் காருக்கு டயர் வளர்வது ஒரு வகையில் கியர் மாற்றுவது போல.

பிடிமானமும் சக்தியும் ஒத்துப்போகாதபோது டயர் நழுவிப் பிடித்து, நழுவிப் பிடித்துத் துள்ளும். இதற்கு டயர் ஷேக் என்று பெயர். ஓட்டுநருக்குப் பார்வை மங்கிவிடும். ஓடும் வேகத்தில் டயரே கிழிந்துவிட்டால் அது வேறு வகை ஆபத்து. இரண்டு மரணங்கள் இதைப் புரியவைத்தன.

2004 ஜூனில் செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகில் உள்ள ஓடுகளத்தில், டயர் சிதைந்து நடந்த விபத்தில் டாப் ஃப்யூயல் ஓட்டுநர் டேரல் ரசல் இறந்தார். பின்னால் இருக்கும் டயர் முன்னால் இருப்பவரையும் தாக்கும் என்பது அப்போது உறைத்தது. தலைக்குப் பின்னால் டைட்டானியக் கவசம் வந்தது அதற்குப் பிறகுதான்.

2007 மார்ச்சில் ஃபுளோரிடாவின் கெயின்ஸ்வில்லில் ஒரு சோதனை ஓட்டத்தின்போது ஜான் ஃபோர்ஸ் அணியின் எரிக் மெட்லன் காயமடைந்து, சில நாளில் இறந்தார். இந்த விபத்தில் அவரைக் கொன்றது சுவரில் மோதியது அல்ல. கெட்டுப்போன டயர் காரைப் பக்கவாட்டில் உலுக்கிய உலுக்கலில், பாதுகாப்புக் கூண்டுக்குள் அவருடைய தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்துக்கொண்டது. மூளையின் நரம்பு இழைகள் பரவலாக அறுந்துபோயின. கூண்டு உடையவில்லை, பெல்ட் அறுந்துபோகவில்லை. விதிப்படி எல்லாமே சரியாக இருந்தும் உயிர் போனது.

எரிக்கின் தந்தை அதே அணியில் அவருடைய காரைக் கவனித்த தலைமை மெக்கானிக். மகனின் பெயரிலேயே தொடங்கிய பாதுகாப்புத் திட்டத்தை அவர் முன்னின்று நடத்தினார். ஃபோர்டு நிறுவனப் பொறியாளர்களும் கைகொடுத்தார்கள். தலையைச் சுற்றிய கூண்டு அகலமானது, உட்புறத்தில் அதிர்ச்சியை உறிஞ்சும் கெட்டியான மெத்தை வந்தது, சட்டத்தில் குழாய்கள் கூடின. அதே 2007 செப்டம்பரில் டெக்சஸில் நடந்த விபத்தில் ஜான் ஃபோர்ஸின் கார் இரண்டு துண்டானது. கை, கால்களில் கடுமையான காயம், தலை தப்பியது. எரிக்குக்குப் பிறகு செய்த மாற்றங்கள்தான் தன்னைக் காப்பாற்றின என்பதை அவர் மறைத்ததே இல்லை.

## நிற்பதுதான் பெரிய வேலை

வேகத்தின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். மணிக்கு 530 கிலோமீட்டரில் போகும் காரிடம், அதே எடையுள்ள கார் 100 கிலோமீட்டரில் போகும்போது இருப்பதைவிட 28 மடங்கு ஆற்றல் இருக்கும். நான்கு விநாடிக்குள் காருக்குள் திணித்த இந்த ஆற்றலை ஷட்-டவுன் பகுதிக்குள் வெளியே எடுத்தாக வேண்டும்.

டாப் ஃப்யூயல் டிராக்ஸ்டரில் பிரேக் பின் சக்கரங்களில் மட்டும்தான். கணக்குக்காக, அது புவியீர்ப்பில் பாதி அளவுக்குக் காரை இழுத்துப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 530 கிலோமீட்டரிலிருந்து நிற்க 2.2 கிலோமீட்டர் வேண்டும். அவ்வளவு நீளம் எந்த ஓடுகளத்திலும் கிடையாது. பாராசூட்டை நம்பித்தான் எல்லாமே நடக்கிறது.

பாராசூட்டின் இழுவையும் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் விரிந்த கணத்தில் அது மிகக் கடுமையாக இழுக்கும். வேகம் பாதியானதும் இழுவை கால் பங்காகிவிடும். இதிலிருந்து இரண்டு முடிவுகள்:

1. பாராசூட் தாமதமாக விரிந்தால் இழப்பது நேரத்தை மட்டுமல்ல, அதன் பலம் உச்சத்தில் இருக்கும் தூரத்தை. 530 கிலோமீட்டரில் ஒரு விநாடி என்பது 147 மீட்டர்.
2. இன்ஜின் வெடித்துத் தீப்பிடிக்கும் கணமும் பாராசூட் விரிய வேண்டிய கணமும் பெரும்பாலும் ஒன்றாகவே வருகின்றன. பாராசூட் மிகவும் தேவைப்படும் அதே நேரத்தில்தான் தீ அதன் கயிறுகளை நெருங்குகிறது.

2008 ஜூன் 21 அன்று நியூஜெர்சியின் இங்கிலிஷ்டவுனில் இந்த இரண்டாவது நிலைமைதான் நேர்ந்தது. இரண்டு முறை டாப் ஃப்யூயல் சாம்பியனான ஸ்காட் கலிட்டா, தகுதிச் சுற்றில் ஃபன்னி கார் ஓட்டிக்கொண்டிருந்தார். கோட்டருகே இன்ஜின் வெடித்துத் தீப்பற்றியது. பாராசூட்டுகளால் காரைத் தடுக்க முடியவில்லை. மணல் படுகையையும் கடந்து போய் மோதி அவர் இறந்தார்.

## 320 அடி

அதுவரை பந்தய தூரம் கால் மைல், 1,320 அடி. அடுத்த மாதம் டென்வரில் நடந்த போட்டி முதல் நைட்ரோ கார்களுக்கு 1,000 அடி மட்டும் என்று என்.எச்.ஆர்.ஏ அறிவித்தது. தற்காலிக ஏற்பாடு என்றுதான் சொன்னார்கள். இன்றுவரை அதுவே நீடிக்கிறது. ப்ரோ ஸ்டாக் போன்ற பிற பிரிவுகள் இன்னமும் கால் மைல் ஓடுகின்றன.

ரசிகர்களில் ஒரு பகுதியினருக்கு இது பிடிக்கவில்லை. கால் மைல் என்பது இந்த விளையாட்டின் அடையாளம் என்றார்கள். அவர்களுடைய வருத்தம் புரிகிறது. ஆனால் இன்னொரு வாதமும் உண்டு, அதை நேராக எதிர்கொள்ள வேண்டும்: "தூரத்தைக் குறைத்தும் வேகம் குறையவில்லையே?" உண்மைதான். கால் மைல் ஓடிய காலத்தில், 2005-இல், டோனி ஷூமாக்கர் எட்டிய உச்ச வேகம் மணிக்கு 337 மைல். 2022-இல் பிரிட்டனி ஃபோர்ஸ் 1,000 அடியிலேயே 338 மைலைத் தாண்டினார். 2025-இல் 340 மைலும் பின்னால் போய்விட்டது.

அப்படியானால் 2008 முடிவு வீணா? இல்லை. அது கொடுத்தது இரண்டு. ஒன்று, அதே ஓடுகளத்தில் நிற்பதற்குக் கூடுதலாக 320 அடி, அதாவது 97 மீட்டர். இரண்டு, இன்ஜின் அதிகம் சோர்ந்திருக்கும் கடைசி 0.7 விநாடிச் சுமை இல்லை. வேகம் மீண்டு வந்தாலும் இந்த இரண்டும் கைவிட்டுப் போகவில்லை. அதைவிட முக்கியமாக, 97 மீட்டர் பாதை என்பது பழுதாகாத கருவி. அதற்கு மின்சாரம் வேண்டாம், தீப்பிடிக்காது, யாரும் மறக்க முடியாது.

## மயங்கிய ஓட்டுநருக்கும் வேலை செய்யும் கருவி

இதுவரை சொன்னதில் ஒரு பொதுவான பலவீனம் உண்டு. காரை நிறுத்த வேண்டியவர் ஓட்டுநர். அவர் காலை எடுக்க வேண்டும், எரிபொருளை அடைக்கும் நெம்புகோலை இழுக்க வேண்டும், பாராசூட்டுக்கான நெம்புகோலை இழுக்க வேண்டும், பிரேக்கைப் பிடிக்க வேண்டும். ஆனால் முகத்துக்கு முன்னால் இன்ஜின் வெடித்தபின் அவருக்கு நினைவு இருக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

கலிட்டாவின் மரணத்துக்குப் பிறகு வந்த தானியங்கி நிறுத்தக் கருவி இந்தக் கேள்விக்கான பதில். அது செயல்படும் விதம்:

1. உட்குழாயின் அழுத்தத்தையும் கிழியும் தகட்டையும் உணரிகள் கண்காணிக்கின்றன.
2. வெடிப்பு நடந்ததும் கருவி எரிபொருளை அடைக்கிறது, பொறியை நிறுத்துகிறது, பாராசூட்டுகளை விரிக்கிறது. மூன்றும் மனிதக் கை அசைவதற்குள் முடிந்துவிடும்.
3. வெடிப்பே இல்லாமல் ஓட்டுநர் மட்டும் மயங்கினாலும் வழி உண்டு. இலக்குக் கோட்டுக்கு அப்பால் ஓடுகளத்தில் ஒரு சமிக்ஞைக் கருவி வைத்திருப்பார்கள். அதைக் கடக்கும்போதும் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால், காரில் உள்ள கருவி தானாகவே அதை நிறுத்திப் பாராசூட்டை விரித்துவிடும்.

என் கணிப்பில், டிராக் பந்தயப் பாதுகாப்பில் கார்லிட்ஸின் பின்-இன்ஜினுக்குப் பிறகு வந்த மிகப் பெரிய மாற்றம் இதுதான். பார்வைக்கு ஒன்றுமே தெரியாது; ஒரு சிறு பெட்டியும் சில கம்பிகளும். ஆனால் ஓட்டுநர் எப்போதும் விழித்திருப்பார் என்ற பழைய நம்பிக்கையை அது கைவிட்டது. மணலும் வலையும் கடைசிக் காவல் மட்டுமே. கார் அங்கே போய்ச் சேராமல் பார்த்துக்கொள்வது இந்தப் பெட்டி.

டாப் ஃப்யூயல் கார்களில் 2012 முதல் சில அணிகள் பயன்படுத்தத் தொடங்கிய மூடிய கூரையும் இதே வழியில் வருகிறது. போர் விமானத்தில் இருப்பதைப் போல ஓட்டுநரின் தலையைச் சுற்றி மூடிவிடும். பறந்து வரும் துண்டுகளும் தீயும் அவரைத் தொடாது. 2015-இல் கெயின்ஸ்வில்லில் லாரி டிக்சனின் டிராக்ஸ்டர் ஓட்டத்தின் நடுவே முறிந்து காற்றில் எழும்பி விழுந்தது. அவர் எழுந்து வந்தார். முன்பாதி போனாலும் ஓட்டுநரைச் சுற்றிய கூண்டு மட்டும் குலையக் கூடாது என்று சட்டத்தை வடிவமைத்ததன் பலன் அது.

## இன்னும் தீராதவை

கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் என்ற தோள்பட்டைக் கருவி தலைக்கவசத்தைப் பிடித்துக்கொள்ளும்; மோதலில் தலை முன்னே பறக்காது, மண்டையோட்டின் அடிப்பகுதி முறியாது. பெல்ட் உடலைப் பிடித்துக்கொள்ளும். மெத்தை தலைக்கவசத்தைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் மண்டையோட்டுக்குள் மூளையைப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. கார் சட்டென்று நின்றால் மூளை மட்டும் இன்னும் கொஞ்சம் நகரும். 2024-இல் ஃபோர்ஸின் கூண்டு தாங்கியது, உடை தாங்கியது, உயிர் நின்றது. காயம் பட்டது மூளையில்.

விபத்தே நடக்காமல் சரியாக நின்றாலும் உடல் கணக்கு வைத்துக்கொள்கிறது. கிளம்பும்போது முதுகை நோக்கி ஓட்டுநரை அழுத்துவது புவியீர்ப்பின் 4 முதல் 5 மடங்கு விசை. சில விநாடியில் பாராசூட் விரியும்போது ஏறக்குறைய அதே விசை எதிர்த்திசையில். இந்தத் திருப்பம் கண்ணின் விழித்திரைக்கு ஆகாது. டாப் ஃப்யூயலில் ஐந்து முறை சாம்பியனான ஜோ அமேட்டோ 2000-இல் ஓய்வு பெற்றது சுவரில் மோதி அல்ல, விழித்திரைப் பிரச்சினையால். கார்லிட்ஸுக்கும் அதே தொல்லை வந்தது.

காரின் உயிரைப் பிடித்து நிறுத்தும் அந்தப் பாராசூட்டை இன்னும் மென்மையாக விரிய வைத்தால் கண்ணுக்கு நல்லது. ஆனால் அப்படி விரிந்தால் நிற்கும் தூரம் கூடும். அந்தத் தூரத்துக்கு இப்போது கையிருப்பில் உள்ளது 2008-இல் விட்டுக்கொடுத்த 320 அடிதான். அதையும் ஒவ்வொரு ஆண்டும் ஏறும் வேகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கிறது.